நிரல் தெரியாதவர் கையில் விளையாட்டு: ஒரு சுருக்க வரலாறும் தேர்வு வழியும்

"டீச்சர், எனக்குக் கோடிங் ஒன்னும் தெரியாது. கேம் செய்யணும்னா எந்த மென்பொருள்ல தொடங்கலாம்?" கோத்தா திங்கி பட்டணத்துப் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். ரெம், தெலுக் செங்காட் தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பாடத்துக்கு ஒரு புதிர் விளையாட்டு செய்ய நினைக்கும் தமிழாசிரியர்களுக்கும் இதே கேள்விதான். பெயர்ப் பட்டியல் ஒன்றைக் கொடுத்துவிடலாம். ஆனா அந்தப் பட்டியல் இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். இந்தக் கருவிகள் எப்படி வந்தன, எவை நிலைத்தன, எவை மறைந்தன என்று தெரிந்தால் தேர்ந்தெடுக்கும் கண் நமக்கே வந்துவிடும்.

தொடக்கம்: ஆமையும் பந்து மேடையும்

1967-இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபொயர்சைக் ஆகியோர் 'லோகோ' என்ற மொழியைக் குழந்தைகளுக்காக உருவாக்கினார்கள். "முன்னே போ, வலப்பக்கம் திரும்பு" என்று கட்டளை கொடுத்தால் ஓர் ஆமை கோடு வரையும். கணினி பிள்ளைக்குப் பாடம் நடத்துவதைவிட, பிள்ளை கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. இருந்தாலும் லோகோவில் கட்டளையைத் தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும்.

அந்தத் தட்டச்சும் வேண்டாம் என்று காட்டியது பில் பட்ஜ் ஆப்பிள் 2 கணினிக்காகச் செய்த 'பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்'. 1983-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அதைப் பரவலாக விற்றது. துண்டுகளை எடுத்துத் திரையில் வைத்தால் பந்து விளையாட்டு தயார். 1987-இல் ஆப்பிள் வெளியிட்ட, பில் அட்கின்சனின் 'ஹைப்பர்கார்டு' அட்டைகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறையைத் தந்தது. 1993-இல் புகழ்பெற்ற 'மிஸ்ட்' விளையாட்டு அதில் உருவானதுதான்.

நடுக்காலம்: ஒரு வகைக்கு ஒரு கருவி

ஜப்பானில் 1992-இல் 'ஆர்பிஜி மேக்கர்' வரிசையின் முதல் கணினிப் பதிப்பு வந்தது. கதை சொல்லும் சாகச விளையாட்டுக்கு மட்டுமே அது. வரைபடம், பாத்திரம், உரையாடல் எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து எடுத்து அடுக்கலாம். 1994-இல் வந்த 'கிளிக் அண்ட் பிளே' நிகழ்வு அட்டவணையைப் பிரபலமாக்கியது: இது நடந்தால், அது நடக்கட்டும். இன்றைய 'கன்ஸ்ட்ரக்ட்', 'ஜிடெவலப்' இரண்டும் அதே வழியில்தான் நடக்கின்றன. 1999-இல் நெதர்லாந்துப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 'கேம்மேக்கர்' மென்பொருளைத் தொடங்கினார். 2015-இல் உலகமே பேசிய 'அண்டர்டேல்' அதில் செய்யப்பட்டது. ஆக, எளிய கருவி என்றால் சிறுபிள்ளை விளையாட்டு மட்டும்தான் வரும் என்பது தவறு.

நம் வகுப்பறைக்கு வந்த பூனை

2007-இல் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் குழுவினர் 'ஸ்கிராட்ச்' மென்பொருளை வெளியிட்டார்கள். வண்ணக் கட்டளைத் துண்டுகளை லெகோ போலப் பொருத்த வேண்டும். பொருந்தாத துண்டு ஒட்டாது. அதனால் எழுத்துப் பிழைக்கு இடமே இல்லை. ஐந்து முதல் ஏழு வயதினருக்கு 2014-இல் 'ஸ்கிராட்ச் ஜூனியர்' வந்தது. மலேசியாவில் 2017 முதல் கணிமச் சிந்தனை பாடத்திட்டத்துக்குள் வந்தபோது, நம் மாணவர்கள் பலருக்கு அறிமுகமான முதல் கருவி இந்தப் பூனைதான்.

இதே காலத்தில் தமிழிலேயே நிரல் எழுத 'எழில்' என்ற மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கினார். அதற்கும் முன்பே, 1985-இல், நம் நாட்டு முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளால் தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தார். கருவி வரட்டும் என்று காத்திருந்த மொழி இல்லை நம்முடையது.

கோடிங் இல்லை என்றால் சிந்தனையும் இல்லையா?

தொட்டாற்சிணுங்கியை எண்ணிப் பாருங்கள். தொட்டால் சிணுங்கும். இந்தப் பெயரே ஒரு நிரல்: முதலில் நிபந்தனை, பிறகு செயல். இலக்கண வகுப்பில் நாம் படிக்கும் நிபந்தனை எச்சம்தான் நிகழ்வு அட்டவணையின் இடப்பக்கம், வினைமுற்றுதான் வலப்பக்கம். "சரியான விடையைத் தொட்டால், பத்துப் புள்ளி கூடும்" என்று தமிழில் தெளிவாகச் சொல்ல முடிந்த மாணவன் பாதி விளையாட்டைச் செய்து முடித்துவிட்டான். சொல்ல முடியாதவனுக்கு எந்த மென்பொருளும் உதவாது.

வரலாறு கற்றுத்தரும் நான்கு கேள்விகள்

முதலாவது, என்ன விளையாட்டு? கிளைவிடும் கதை என்றால் கிறிஸ் கிளிமாஸ் 2009-இல் வெளியிட்ட 'ட்வைன்' போதும். கட்டுரை எழுதத் தெரிந்தவருக்கு அது கைவந்துவிடும். சொல் விளையாட்டு, புதிர் என்றால் ஸ்கிராட்ச். ஓடி, குதிக்கும் விளையாட்டு என்றால் ஜிடெவலப்.

இரண்டாவது, தமிழ் எழுத்து ஒழுங்காக வருமா? மென்பொருளைத் திறந்ததும் "கொய்யா", "பௌர்ணமி" என்று தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறி நின்றால் அதை மூடிவிடுங்கள். எவ்வளவு அழகான விளையாட்டாக இருந்தாலும், பிழையான எழுத்தைப் பிள்ளை கண்ணில் பதிக்கக் கூடாது.

மூன்றாவது, இணையம் இல்லாமல் ஓடுமா? தோட்டப்புறத்தில் இது பெரிய கேள்வி. ஸ்கிராட்ச், ட்வைன் இரண்டையும் கணினியில் பதிவிறக்கிப் பயன்படுத்தலாம். ட்வைனில் செய்த கதை ஒரே ஒரு கோப்பாகக் கிடைக்கும். பென்டிரைவில் போட்டே கொடுத்துவிடலாம்.

நான்காவது, நாளைக்கும் இருக்குமா? ஹைப்பர்கார்டு 2004-இல் நிறுத்தப்பட்டது. ஃபிளாஷ் ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-இல் முடித்துக்கொண்டது; ஃபிளாஷில் செய்த எத்தனையோ கல்வி விளையாட்டுகள் அதோடு திறக்காமல் போயின. ஃபிளாஷை நம்பியிருந்த ஸ்கிராட்ச், 2019 ஜனவரியிலேயே மூன்றாம் பதிப்பில் வேறு தொழில்நுட்பத்துக்கு மாறிப் பிழைத்துக்கொண்டது. அதனால் நிறுவனம் ஒன்றின் தளத்துக்குள் மட்டுமே பூட்டிக்கிடக்கும் கருவியைத் தவிர்ப்பது நல்லது. செய்ததன் கோப்பு உங்கள் கையில் இருக்கட்டும். கதை, வினாக்கள், விடைகள் தனியாக ஓர் ஆவணத்தில் இருக்கட்டும். கருவி செத்தாலும் பாடம் சாகாது.

தேர்வு மாணவர்கள் தொழில்நுட்பம் பற்றிய கருத்து விளக்கக் கட்டுரையில் இந்தக் காலவரிசையைச் சான்றாகக் காட்டலாம். ஆண்டுகளை மனனம் செய்வதோடு நிற்காமல், ஒவ்வொரு கருவியும் எந்தத் தடையை நீக்கியது என்று எழுதினால் கருத்து வலுப்பெறும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. நம் பிள்ளைகள் கைப்பேசியில் மணிக்கணக்காக விளையாடுகிறார்கள். அந்தத் திரையில் தமிழ் அபூர்வம். அதை மாற்றப் பெரிய நிறுவனம் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. அடுத்த தவணையில் ஒரு திருக்குறள், ஒரு பழமொழி, ஐந்து வினா என்று சிறியதாகத் தொடங்குங்கள். முதலில் தாளில் "செய்தால், நடக்கும்" என்று பத்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். அதற்கப்புறம் கணினியைத் திறக்கலாம்.