வெள்ள மீட்பு நீச்சல் வீரர்

வெள்ள மீட்பு நீச்சல் வீரர் என்பவர் ஆற்று வெள்ளம், ஏரி உடைப்பு, நகர வெள்ளம் முதலிய பேரிடர்களின்போது நீரில் இறங்கி, அதில் சிக்கியவர்களைக் கரைசேர்க்கப் பயிற்சி பெற்றவர் ஆவார். நீந்தத் தெரிந்த எவரும் இப்பணியைச் செய்யலாம் என்ற கருத்து பரவலாக உள்ளது. ஆனால் கிணற்றிலும் குளத்திலும் கற்ற நீச்சல் ஓடும் வெள்ளத்தில் போதுமானதன்று. காப்பாற்றச் சென்றவரும் உடன் மூழ்கி இறக்கும் நிகழ்வுகள் ஆண்டுதோறும் நேர்கின்றன. ஆகவே நீரில் இறங்குவதை இறுதி வழியாகவே மீட்புப் பயிற்சிகள் கற்பிக்கின்றன.

வெள்ள நீரின் தன்மை

ஓடும் நீரின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது. வேகம் இரு மடங்கானால் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். விரைந்து ஓடும் 15 செ.மீ ஆழ நீர் வளர்ந்த ஒருவரை வீழ்த்தக்கூடும், 30 செ.மீ ஆழ நீர் சிறு மகிழுந்தையும், 60 செ.மீ ஆழ நீர் பெரும்பாலான ஊர்திகளையும் இழுத்துச் செல்லவல்லது.

தடுப்பணைகளும் தரைப்பாலங்களும் தனி ஆபத்து உடையவை. தடுப்பணையைத் தாண்டி விழும் நீர் அடியில் சென்று, மேற்பரப்பில் மீண்டும் அணையை நோக்கியே திரும்புகிறது. இச்சுழலில் அகப்பட்டவர் திரும்பத் திரும்ப அணையடிக்கே இழுக்கப்படுவார். மரக்கிளைகள், முள்வேலிகள் ஆகியன நீரைத் தம் வழியே விட்டு, ஆளைப் பிடித்து அழுத்திவிடும்.

மீட்பு வரிசை

ஆபத்து குறைந்த வழியிலிருந்து மிகுந்த வழிக்குச் செல்லும் நான்கு படிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன.

1. கரையில் நின்றபடி கழி, துணி போன்றவற்றை நீட்டுதல்.
2. கயிறு அல்லது மிதவையை எறிதல்.
3. படகில் செல்லுதல்.
4. நீந்திச் செல்லுதல்.

முதல் மூன்றும் இயலாதபோதே நீச்சல் வீரர் இறங்குகிறார். அப்போதும் அவர் தனியே செல்வதில்லை. மிதந்துவரும் மரங்களைக் கண்டு எச்சரிக்க ஒருவர் மேற்புறத்திலும், தவறி அடித்துச் செல்லப்படுபவருக்குக் கயிறு எறியச் சிலர் கீழ்ப்புறத்திலும் நிற்பர்.

நீந்தும் முறையும் கருவிகளும்

வெள்ளத்தில் இழுக்கப்படுபவர் மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி, பாதங்களை மேற்பரப்புக்கு அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். விரைந்தோடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாதம் பாறையிடுக்கில் சிக்கி, நீரின் விசை உடலை மூழ்கடிக்கும். வெள்ளத்தைக் கடக்கும் வீரர் ஓட்டத்திற்கு நேர் எதிராக நீந்தாமல், சற்றே மேல்நோக்கிச் சாய்வாக நீந்திக் கரை சேர்கிறார்.

மூழ்குபவர் அச்சத்தால் மீட்பவர் மீதே ஏற முயல்வது இயல்பு. எனவே வீரர் முதலில் மிதவையை அவரிடம் தள்ளி, பின்புறமிருந்து பற்றுகிறார்.

உயிர்காப்பு மேலங்கி, தலைக்கவசம், ஊதுகுழல், கத்தி, எறிகயிறு ஆகியன அடிப்படைக் கருவிகள். இடுப்பில் கயிற்றை முடிச்சிட்டுக்கொண்டு இறங்கும் வழக்கம் ஆபத்தானது. கயிறு இறுகினால் நீரோட்டம் உடலை நீருக்கடியில் அழுத்தும். முடிச்சை அவிழ்க்க இயலாது. ஒரே இழுப்பில் கழன்றுகொள்ளும் பட்டை கொண்ட மேலங்கியில் மட்டுமே கயிறு இணைக்கப்படுகிறது.

வரலாறு

1983 பெப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் வர்சீனியா கரைக்கு அப்பால் மரைன் எலக்ட்ரிக் என்ற கப்பல் மூழ்கி, 34 பேரில் 31 பேர் இறந்தனர். உலங்கு வானூர்தியிலிருந்து இறக்கப்பட்ட கூடையில் ஏறும் வலுவைக் குளிரில் விறைத்த மாலுமிகள் இழந்திருந்தனர். இதன் விளைவாக அந்நாட்டுக் கடலோரக் காவல்படை மீட்பு நீச்சல் வீரர் பிரிவை உருவாக்கியது.

இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தேசியப் பேரிடர் மீட்புப் படை 2006இல் தொடங்கப்பட்டது. இதன் 4ஆவது அணி அரக்கோணத்தில் உள்ளது. உள்ளூர்த் தன்னார்வலருக்கு மீட்புப் பயிற்சி அளிக்கும் ஆப்த மித்ரா திட்டம் 2016இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில் தொடங்கியது.

2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தம் படகுகளைச் சரக்குந்துகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று பல்லாயிரம் பேரை மீட்டனர். 2023 திசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ மழை பெய்தபோதும் தென்மாவட்ட மீனவர்களின் படகுகள் மீட்புக்கு உதவின.

செஞ்சி, விழுப்புரம் பகுதி

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீடூர் அணையைக் கடந்து புதுச்சேரி அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் இத்தகைய ஆறுகள் பெருமழையில் சில மணி நேரத்தில் நிரம்பிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 செ.மீ மழை பதிவானது. வீடூர் அணையின் உபரிநீர் திறக்கப்பட்டது. புதுச்சேரியில் இராணுவத்தினர் படகுகளில் மக்களை மீட்டனர். திசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.6 இலட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணைக் கரையோர ஊர்கள் மூழ்கின. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து தடைப்பட்டது.

சாலைகள் மூழ்கும்போது வெளியூர் மீட்புக்குழுக்கள் வந்துசேரத் தாமதம் ஏற்படுகிறது. அந்த இடைவெளியில் ஊரார் வெறுங்கையுடன் நீரில் இறங்குவதே உயிரிழப்புக்குக் காரணமாகிறது. காற்றடைத்த சக்கரக்குழாய், மூடியிட்ட வெற்று நெகிழிக்குடம், நீண்ட கயிறு ஆகியவற்றை ஊரில் முன்கூட்டியே வைத்திருந்தால் கரையிலிருந்தே உதவ இயலும்.

வீரர்களுக்கு நேரும் ஆபத்துகள்

அறுந்த மின்கம்பிகள், திறந்த சாக்கடைக் குழிகள், பாம்புகள் ஆகியன உடனடி ஆபத்துகள். மாசடைந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவும். 2018 வெள்ளத்திற்குப் பின் கேரளத்தில் இந்நோய் பரவியபோது மீட்புப் பணியாளர்களுக்குத் தடுப்பு மருந்தாக டாக்சிசைக்ளின் வழங்கப்பட்டது.

அவசர உதவி எண்கள்

தமிழ்நாட்டில் பொது அவசர உதவிக்கு 112, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகளுக்கு 101, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 ஆகிய எண்கள் உள்ளன.