மருந்துக்கு மட்டும் ஒரு வேலி: கனடா உடல்நலச் சட்டத்தின் 2ஆம் பிரிவு

கனடாவின் பொதுக் காப்பீட்டில் மருந்து இடம்பெறாததை 'முடிவுறாத பணி' என்று விளக்குவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. 1957இல் மருத்துவமனை, 1966இல் மருத்துவர், அடுத்து மருந்து என்ற வரிசையில் ஒட்டாவா செலவுக்கு அஞ்சிக் கடைசிப் படியில் நின்றுவிட்டது என்பர். சீட்டு ஒன்றுக்கு நோயாளி ஒரு டாலர் செலுத்தும் மருந்துத் திட்டத்தை ஹால் ஆணையம் 1964இல் பரிந்துரைத்ததும், அது கிடப்பில் கிடந்ததும் சான்றாகக் காட்டப்படும். சான்று மெய்யே. ஆனால் இவ்விளக்கம் சட்ட வாசகத்துக்கு உரிய கவனம் தரவில்லை.

1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு 'மருத்துவமனைச் சேவைகள்' எவை என வரையறுக்கிறது. உள்நோயாளிக்கோ புறநோயாளிக்கோ மருத்துவமனையில் வழங்கப்படும், மருத்துவரீதியாகத் தேவையான சேவைகள் என்று முகப்பு வாசகமே எல்லை கட்டிவிடுகிறது. கீழே செவிலியர் பணி, ஆய்வகச் சோதனை, அறுவை அரங்கு, கதிர்வீச்சு, இயன்முறை வசதி என்று பட்டியல் நீள்கிறது. இவற்றுள் மருந்துக்கு மட்டும் 'மருத்துவமனையில் செலுத்தப்படும்போது' என்ற தொடர் கூடுதலாக ஒட்டியிருக்கிறது.

முகப்பில் விதித்த இடவரம்பை இங்கே மறுபடி சொல்வானேன்? புறநோயாளியை நினைத்தால் விடை தெளிகிறது. மருத்துவமனை மருந்தகமே மாத்திரையைக் கொடுத்தனுப்பினால் அதுவும் 'மருத்துவமனையில் வழங்கப்பட்ட சேவை' என்று வாதிட இடமுண்டு, விழுங்குவதோ வீட்டில். அந்த வழியை இத்தொடர் அடைக்கிறது. ஆக, மருந்தின் தேவையைச் சட்டம் ஐயுறவில்லை; அதை வேலி போட்டு உள்ளே நிறுத்தியிருக்கிறது.

1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த தொடர்தானே, அதற்கு நோக்கம் கற்பிக்கலாமா என்று கேட்கலாம். வரைவாளரின் மனத்தை இன்று அறுதியிட்டுச் சொல்ல இயலாதுதான். ஆயினும், நோயாளியிடம் தனியே வசூலித்த கட்டணங்களுக்கு ஈடாக மாகாண நிதியைப் பிடித்தம் செய்யத் துணிந்த 1984 நாடாளுமன்றம் இத்தொடரைத் தொடவில்லை. அதை வெறும் எழுத்துப் பழக்கம் என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. செலவு தாங்காது என்ற வாதத்துக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை: கூடி வாங்கினால் விலை இறங்கும் என்பதால்தான் மாகாணங்கள் 2010 முதல் மருந்து நிறுவனங்களிடம் கூட்டாகப் பேரம் பேசுகின்றன.

விளைவை ஒன்ராறியோவில் காணலாம். மருத்துவமனையில் நரம்புவழி ஏற்றும் புற்றுநோய் மருந்துக்குக் கட்டணமில்லை; வீட்டில் விழுங்கும் மாத்திரை என்றால் நோயாளியின் வயது, வருமானம், தனியார் காப்பீடு எல்லாம் கணக்குக்கு வருகின்றன. மேற்கு மாகாணங்கள் இந்த வேறுபாட்டைத் தம் சொந்தத் திட்டங்களால் ஈடுசெய்கின்றன.

2024 அக்டோபரில் நிறைவேறிய மருந்துக்காப்புச் சட்டம் கருத்தடை, நீரிழிவு மருந்துகளில் தொடங்குகிறது. வழக்கமான விளக்கப்படி இது அடுத்த படி. என் வாசிப்பில், இடத்தால் வகுத்த எல்லையோடு நோயால் வகுத்த எல்லையும் சேர்ந்திருக்கிறது: ஒரே நோயாளியின் நீரிழிவு மாத்திரை உள்ளே, இரத்த அழுத்த மாத்திரை வெளியே. 2ஆம் பிரிவின் அத்தொடரை நீக்கினால் மருத்துவமனை மருந்தகம் கொடுத்தனுப்பும் மாத்திரையாவது காப்புக்குள் வரும். தெருமுனை மருந்துக்கடைவரை அது எட்ட, முகப்பு வாசகத்தையும் திருத்தியாக வேண்டும்.