ஓலைக்கட்டு முதல் மின்படி வரை

நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை நம் கரைக்கு உரிய நூல். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், கிடங்கிலைத் திண்டிவனத்தோடும் பொருத்திக் காட்டுவர் ஆய்வாளர். அவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது நம் பிரம்மதேசம். 269 அடிகளே கொண்ட அந்நூல் பல நூற்றாண்டுக் காலம் ஓலையிலிருந்து ஓலைக்குக் கையால் பெயர்க்கப்பட்டு வந்தது. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தபோது அச்சேறியது. அந்த அச்சுத்தாளும் இன்று பழுத்து ஒடியும் நிலையில் உள்ளது. ஆகவே அதனைப் படமாக்கிக் காக்கிறோம். படம் பெரிது, அனுப்ப இயலாது. ஆகவே அதனைச் சுருக்குகிறோம். சுருக்கும்போது எது போகிறது, எது நிற்கிறது என்பதைக் கவிஞர்களும் அறிந்திருத்தல் நலம் என்பதனாலேயே இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

எழுத்தைப் படமாக்கிச் சிறிதாக்கி அனுப்பும் முயற்சி கணிப்பொறிக்கு மிக முற்பட்டது. 1870–71இல் பிரஷியப் படை பாரிசு நகரை முற்றுகையிட்டிருந்தபோது, ரெனே தாக்ரோன் என்ற ஒளிப்படக் கலைஞர் கடிதங்களை நுண்படச் சுருளாக்கிப் புறாக்களின் வழியே நகருக்குள் அனுப்பினார். அதே வழியில் வளர்ந்ததுதான் நூலகங்களின் நுண்படம். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த தமிழ் நூல்களும் இதழ்களும் அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அங்கே முதலில் கைக்கொள்ளப்பட்ட முறை நுண்படமே. அது நெடுங்காலம் கெடாது. ஆனால் நூலகத்துக்குச் சென்று, அதற்கென உள்ள பொறியின் முன் அமர்ந்தால்தான் படிக்க முடியும். ஊர்ப்புறத்து வாசகனுக்கு அது எட்டாக்கனி.

வருடிப்பொறி வந்ததும் வேறொரு தொல்லை தோன்றியது. கணக்கைப் பாருங்கள். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினால் அகலத்தில் 2,480, நீளத்தில் 3,508 என ஏறத்தாழ 87 இலட்சம் படப்புள்ளிகள் கிடைக்கும். வண்ணப்படத்தில் புள்ளி ஒன்றுக்கு மூன்று பைட்டு. ஆக, ஒரு பக்கமே 26 மெகாபைட்டு. 1990களின் நெகிழ்வட்டு ஒன்றில் அடங்கியது 1.44 மெகாபைட்டுதான். அன்றைய தொலைபேசி இணைப்பில், நொடிக்கு 28,800 பிட்டு என்ற விரைவில், அந்த ஒற்றைப் பக்கத்தை அனுப்ப இரண்டு மணி நேரம் ஆகும். இருநூறு பக்க நூலென்றால் ஐந்து கிகாபைட்டைத் தாண்டும்.

இத்தகைய பெரும்படங்களை வைக்கும் கலமாக 1986இல் ஆல்டஸ் நிறுவனம் வகுத்தது டிஃப் என்னும் கோப்பு வடிவம். அதற்குள் படத்தைச் சுருக்கியும் வைக்கலாம், சுருக்காமலும் வைக்கலாம். மூலப்படிக்குச் சுருக்காமல் வைப்பதே பல காப்பகங்களின் வழக்கம். சுருக்கும் வழிகளுள் ஒன்று தொலைநகலிலிருந்து வந்தது. தொலைபேசிக் கட்டணத்தைக் குறைப்பதற்காக 1984இல் வகுக்கப்பட்ட அந்த நான்காம் தொகுதி முறை, கறுப்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை மட்டும், அதுவும் மேல்வரியோடு ஒப்பிட்டே குறித்துக்கொள்ளும். எழுத்துப் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சுருக்கியும் ஒரு புள்ளிகூட இழக்கப்படுவதில்லை. வணிகர் கடிதங்களுக்காகச் செய்த ஏற்பாடு பழநூல்களுக்குக் கைகொடுத்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. ஆயினும் அது கறுப்பு வெள்ளைக்கே உரியது. வண்ணத்துக்கு 1992இல் வந்த ஜேபெக் முறை, கண்ணுக்கு எளிதில் புலப்படாதவற்றைக் கழித்துவிடுவது. கழித்தது மீளாது.

1993இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பி.டி.எஃப். பற்றி ஒரு தெளிவு வேண்டும். பலரும் எண்ணுவதுபோல் அது தானே படத்தைச் சுருக்குவதன்று. ஓலைகளில் துளையிட்டுக் கயிறு கோத்துக் கட்டுவதுபோல, ஏற்கெனவே தனித்தனியே சுருக்கப்பட்ட பக்கங்களை வரிசை குலையாமல் ஒரே ஆவணமாகக் கட்டுவது அதன் பணி. எழுத்துருவையும் உள்ளடக்கி அனுப்ப வல்லது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க முடியாமல் தவித்த காலத்தை நினைவுகூர்வோர்க்கு இதன் அருமை விளங்கும். நெடுநாள் காப்புக்கென அதன் ஒரு வகை 2005இல் உலகத் தரமாக்கப்பட்டது.

இனித் தமிழுக்கே உரிய இடர். வருடிய படத்தைச் சுருக்குமுன் 'மாசு நீக்கல்' என்றொரு வினை செய்வர். தாளிலுள்ள தூசியும் கறையும் சிறு சிறு புள்ளிகளாகத் தெரியும். அவை ஒவ்வொன்றும் கோப்பின் அளவைக் கூட்டும். ஆகவே ஓர் அளவுக்குக் கீழ்ப்பட்ட புள்ளிகளையெல்லாம் பொறி துடைத்துவிடும். தூசிக்கும் மெய்யெழுத்தின் தலைப்புள்ளிக்கும் வேறுபாடு அதற்குத் தெரியாது. பல் என்பது பல ஆகும். பொருள் மாறுவதோடு யாப்பும் மாறும்; நேரசை நிரையசையாகிவிடும். ஏடுகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. சீர் பார்த்து, தளை பார்த்து, உரையோடு ஒத்துப் பார்த்து அந்தப் புள்ளிகளை மீட்டுத் தந்தவர்கள் பதிப்பாசிரியர்கள். அவர்கள் கண் நோகச் செய்த பணியை ஒரு பொத்தான் அழித்துவிடுவதென்றால் என்ன சொல்வது!

இதனினும் நுட்பமான தவறு 2013இல் வெளிப்பட்டது. ஜெர்மானியக் கணிப்பொறியாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பொறியொன்றில் கட்டட வரைபடத்தை வருடியபோது, வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 என்ற ஒரே எண் வந்திருக்கக் கண்டார். ஒத்த உருவங்களை ஒருமுறை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும் சுருக்கமுறை அது. வேறு தாள்களில் ஆறு எட்டாயிற்று. மங்கலாகத் தெரிந்தால் ஐயுறுவோம். இங்கே பிழை அச்சடித்தாற்போல் துலக்கமாக இருந்தது. ன, ள, ண என வடிவில் நெருங்கிய எழுத்துகளும், காலும் ரகரமும் ஒன்றுபோல் தோன்றும் பழைய அச்சும் உள்ள தமிழுக்கு இதனால் வரக்கூடிய கேடு சிறிதன்று. ஏடெழுதுவோர் பிழையைச் சுவடிகள் பலவற்றை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். மூலப்படத்தை அழித்தபின் இத்தகைய பிழையை எதனோடு ஒப்பிடுவது?

அளத்தில் நீர் வற்ற, உப்பு நிற்கும். வற்றிய நீரை யாரும் திரும்பக் கேட்பதில்லை. படத்தின் நிலை அதுவன்று. கழித்ததுதான் நாளை ஓர் ஆய்வாளனுக்கு வேண்டியதாக இருக்கும்.

இவ்வளவு சொன்னதால் சிறுபடி வேண்டாம் என்பது கருத்தன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அவற்றோடு போயின. பலர் கையில் படி இருந்திருந்தால் அந்த இழப்பு அத்துணை முழுமையாக இருந்திராது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் படியாக்கி எவரும் இறக்கிக்கொள்ளும் ஆவணங்களாக இணையத்தில் வைத்திருப்பதன் பயன் இதுவே. 1998 பொங்கல் நாளில் தோன்றிய மதுரைத் திட்டம் மற்றொரு வழியைக் கொண்டது. படமாக அன்றி எழுத்தாகவே உள்ளிட்டது. சிறுபாணாற்றுப்படை முழுவதும் எழுத்தாக இட்டால் சில பத்துக் கிலோபைட்டுதான். அதனினும் சிறிய சுருக்கம் இல்லை. ஆனால் பக்கத்தின் தோற்றமும், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்பும் அதில் வாரா.

நமக்கு அண்மையில், 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஏறத்தாழ 8,400 சுவடிக்கட்டுகள் உள்ளன. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அங்குள்ள சுவடிகளின் மின்படங்களை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

கல்வெட்டு மைப்படிகளையும், பத்தாண்டுக் கவியரங்கத் தாள்களையும் இவ்வாறு படியாக்க முனைவோர்க்கு ஒன்று கூறுவேன். பெரும்படத்தை மாசு நீக்காமல், சுருக்காமல், இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். பகிர்வதற்குச் சிறுபடியை அதிலிருந்து தனியே எடுங்கள். கோப்புக்கு வெறுமனே 'பிரம்மதேசம்' என்று பெயரிடாதீர்கள். செய்யாற்றுப் பக்கம் ஒன்று, எண்ணாயிரத்தின் அருகே ஒன்று, அம்பாசமுத்திரத்தை அடுத்து ஒன்று எனத் தமிழகத்தில் பிரம்மதேசங்கள் பல. முதலாம் இராசேந்திரன் மறைவைக் கூறும் கல்வெட்டு செய்யாற்றுப் பக்கத்தது, நம்மூரதன்று. ஊரோடு வட்டமும், கோயிலும், படியெடுத்த நாளும் சேர்த்தே கோப்பின் பெயர் அமைய வேண்டும்.