சோயா மையின் முழுக் கணக்கு

தாவர மை புதுசு ஒண்ணும் இல்லை. 15ஆம் நூற்றாண்டிலேயே குட்டன்பர்க் பைபிளை அச்சடித்தது ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிச் செய்த மையில்தான். பெட்ரோலியம் பிறகு மலிவாக வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

1973இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தர மறுத்தன, விலை எகிறியது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்கப் பத்திரிகை அதிபர்கள் சங்கம் தாவர எண்ணெய்களைச் சோதிக்க ஆரம்பித்து, கடைசியில் சோயாவில் வந்து நின்றது. 1987இல் அயோவா மாநிலத்தின் சீடர் ராபிட்ஸ் நகரில் 'தி கெஸட்' நாளிதழ் அந்த மையில் அச்சானது. ஆக, சோயா மையைத் தேட வைத்தது எண்ணெய் விலை. பசுமை முத்திரை பின்னால் ஒட்டியது.

அந்த முத்திரையைத்தான் கொஞ்சம் சுரண்டிப் பார்க்கணும். காற்றில் கலக்கும் கரிம ஆவி குறைகிறது, உண்மைதான். ஆனால் நிறமிகளில் பல இன்னும் பெட்ரோலியத்திலிருந்தே வருகின்றன. சோயா வயலுக்குப் போட்ட உரம், டிராக்டர் குடித்த டீசல், எண்ணெய் பிரிக்கப் பயன்படும் ஹெக்சேன், இதெல்லாம் யார் கணக்கு? வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு அத்தனையையும் ஒரே பேரேட்டில் எழுதச் சொல்கிறது. எழுதிப் பார்த்தால், கார்பன் பக்கத்தில் பெரும்பாலும் மையைவிடத் தாள்தான் பெரிய தொகை. யாரும் படிக்காமல் எடைக்குப் போகும் பிரதியை எந்த மையில் அச்சடித்தாலும் அந்தத் தொகை குறையாது.