வாசர்மன் ஆய்வு: ஒரு குருதிச் சான்றின் வரலாறு

மேகநோய்களுள் கொடியதாகிய சிபிலிசைத் தமிழர் பறங்கி வியாதி என வழங்கினர். இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்சு நோய் என்றனர். சிபிலிசு என்னும் பெயர்தானும், வெரோனா நகரத்து மருத்துவரும் புலவருமாகிய பிராக்கசுதோரோ 1530-இல் வெளியிட்ட இலத்தீன் செய்யுள் நூலில் வரும் ஆயன் ஒருவனது பெயரே. அயலார்மேல் ஏற்றிக் கூறும் இவ்வழக்குகள், அந்நோய் பிணியாக மட்டுமன்றிப் பழியாகவும் கருதப்பட்டமையைப் புலப்படுத்துகின்றன. ஆதலின், ஒருவர்க்கு அந்நோய் உண்டு என உரைக்கும் ஆய்வு பிழைபடின், அப்பிழை அவரது வாழ்வையே தாக்கும். இதனை உளங்கொண்டு வாசர்மன் ஆய்வின் வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

சாடின், ஹாப்மன் என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1905-இல் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தனர். ஆயினும், புண் ஆறியபின் நோய் பல்லாண்டு மறைந்து நிற்குமாதலின், நுண்ணோக்கி மட்டும் போதவில்லை. அக்குறையை நீக்க வாசர்மன், நைசர், புரூக் ஆகிய மூவரும் 1906-இல் குருதி ஆய்வொன்றை வகுத்தனர். நோயால் இறந்த கருக்குழவியின் ஈரலிற் கிருமி மிகுதி. அதன் சாற்றோடு நோயாளியின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள் கூடும் என்பது அவர்தம் கருத்து. ஓராண்டிற்குள் அக்கருத்துத் தளர்ந்தது. நோயற்ற உறுப்புகளின் சாறும் அதே விளைவைத் தந்தது. கொள்கை பிழைத்தும் ஆய்வு பயன்பட்டது என்பது வியப்பிற்குரியது.

அதன் காரணம் பின்னரே விளங்கிற்று. மேரி பாங்பார்ன் என்னும் அமெரிக்க அறிஞர் 1941-இல் மாட்டின் இதயத்தினின்று கார்டியோலிபின் என்னும் கொழுப்புப் பொருளைப் பிரித்தெடுத்தார். வாசர்மன் ஆய்வு காட்டியது கிருமிக்கே உரிய எதிர்ப்பொருளை அன்று. இக்கொழுப்பிற்கு எதிராக எழும் பொருளையே. அப்பொருளோ மலேரியா, தொழுநோய் முதலியவற்றாலும் தோன்றக்கூடும். முன்னரே பழி சுமந்த தொழுநோயாளர்க்கு ஆய்வின் பிழையால் இரண்டாம் பழியும் நேரக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் தம்முள் மாறுபட்டமையால், 1923-இலும் 1928-இலும் கோபனேகனில் அறிஞர் கூடி அவற்றை ஒப்பிட்டனர். இதற்கிடையே, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1935-இல் திருமணத்திற்கு முன் குருதி ஆய்வைச் சட்டமாக்கிற்று. நோயின் ஐயமே இல்லாதவரும் பெருந்தொகையினராய் ஆய்விற்கு உட்பட்டபோது ஒரு கணக்கு முதன்மை பெறுகின்றது. 10,000 பேருள் 100 பேர் நோயுடையோர் எனக் கொள்வோம். ஆய்வு நோயுடையோரில் நூற்றுக்கு 95 பேரைக் காட்டுவதாகவும், நோயற்றோரில் நூற்றுக்கு இருவரை மட்டும் தவறாகச் சுட்டுவதாகவும் கொண்டால், உண்மையாகப் பிடிபடுவோர் 95 பேர். வீணே சுட்டப்படுவோர் 198 பேர். நல்ல ஆய்வும் தனித்து நின்று தீர்ப்புரைத்தற்கு உரியதன்று என்பது இதனால் தெளிவாம்.

இதற்கு மருந்து ஆய்வைக் கைவிடுதலன்று. 1943-இல் பெனிசிலின் இந்நோயைத் தீர்க்கும் எனக் கண்டபின், நோயைக் காலத்தில் அறிவது தாயையும் கருவையும் ஒருங்கே காப்பதாயிற்று. 1949-இல் நெல்சன், மேயர் இருவரும் கிருமியையே நேரே பயன்படுத்தும் ஆய்வொன்றை அமைத்தனர். முன்னர் நோயுடையோர் எனப்பட்ட பலர் அந்நோய் இல்லாதோர் என்பது அதனால் வெளிப்பட்டது. ஆனால் கிருமிக்குரிய ஆய்வுகள் நோய் தீர்ந்த பின்னும் பெரும்பாலும் நோய்க்குறியையே காட்டும்; எனவே இருவகை ஆய்வும் ஒன்றற்கொன்று துணையாயின.

இம்முறை பிறிதொரு நோயினும் நம் நாட்டிற் பின்பற்றப்பட்டது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் திரட்டிய குருதியில், எச்.ஐ.வி. ஆறு பெண்டிரிடம் இருப்பதாக வேலூர் ஆய்வு காட்டிற்று. அதனோடு அமையாது, அமெரிக்காவில் வேறொரு முறையால் உறுதி செய்த பின்னரே அம்முடிவு நிலைபெற்றது.

ஓர் ஏட்டின் பாடத்தை மட்டும் கொண்டு நாம் மூலபாடத்தைத் துணிவதில்லை. பிற ஏடுகளோடு ஒப்பிட்டே துணிகின்றோம். குருதிச் சான்றிற்கும் அந்நெறியே பொருந்தும். முதல் ஆய்வு ஐயத்தை எழுப்புவது. உறுதி ஆய்வே ஐயத்தை அறுப்பது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலத்தில் ஒருவரை நோயாளர் என முத்திரையிடுதல் அறிவியலுக்கும் அறத்திற்கும் ஒவ்வாது என்பதே வாசர்மன் ஆய்வின் வரலாறு நமக்கு உணர்த்தும் முடிபாகும்.