வெளிச்சம் போட்டா செத்தோம்: ஒரு குட்டி ஜீப்பின் ஹெட்லைட்டும் மெட்ராஸின் இருட்டும்

இன்னிக்கு எபிசோட் ரொம்பச் சின்ன ஒரு பொருளைப் பத்தி. எவ்வளவு சின்னதுன்னா, குறுக்களவு 5 மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதை அளவு. ஆனா அதுக்குள்ள ரெண்டு உலகப் போரும், மெட்ராஸ் நகரமும், எங்க கடலூரும் இருக்கு.

நான் ஸ்கேல் மாடல் பண்றவன். பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடிச்சு, குட்டி ராணுவ வண்டி செய்றது. ராணுவ வண்டிகள்ல ரொம்பப் பிரபலமான அளவு 1/35. அது என்ன 35? ரவுண்டா 30, 40ன்னு இல்லாம? இதுக்கு ஒரு கதை உண்டு. 1960-களின் தொடக்கத்துல ஜப்பானின் தமியா கம்பெனி ஜெர்மானிய பேந்தர் டாங்க் மாடல் ஒண்ணைப் போட்டாங்க. அது மோட்டார்ல ஓடணும். உள்ளே பேட்டரி உட்காரணும். பேட்டரிக்கு இடம் விட்டு வண்டியை வரைஞ்சாங்க. பிறகு அளந்து பார்த்தா, நிஜ டாங்க்ல ஏறக்குறைய 35-ல் ஒரு பங்கு வந்திருந்தது. அவ்வளவுதான். அதையே மத்த கம்பெனிகளும் பிடிச்சுக்கிட்டாங்க.

இப்போ கணக்கு போடுவோம். இரண்டாம் உலகப் போர் காலத்து வில்லிஸ் ஜீப்போட ஹெட்லைட்டை எடுத்துக்குவோம். அதை 35-ஆல வகுத்தா ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். அந்த 5 மில்லிமீட்டரை நிஜம் மாதிரி செய்றதுதான் இந்தப் பொழுதுபோக்குல பாதிப் பேரோட தூக்கத்தைக் கெடுக்கிற வேலை. ஏன்னா ஹெட்லைட்தான் வண்டியோட கண்ணு. கண்ணு சரியில்லைன்னா முகமே பொம்மை ஆயிடும்.

என் முதல் ஜீப்புக்கு ஹெட்லைட் எங்கே வாங்கினேன் தெரியுமா? சிதம்பரத்துல. சிதம்பரம் கவரிங் கேள்விப்பட்டிருப்பீங்க. கோயிலைச் சுத்தி வீதிகள்ல கவரிங் நகைக் கடையும், நகை செய்றதுக்கான சாமான் விக்கிற கடையும் இருக்கு. அங்கே 5 மில்லிமீட்டர் வெள்ளைக் கல்லு ஒரு பாக்கெட் வாங்கினேன். அடியில வெள்ளித் தாள் ஒட்டியே வரும். பார்த்ததும் ஹெட்லைட்டேதான்னு தோணுச்சு. ஜீப் முகத்துல ரெண்டு கல்லு பதிச்சேன். ஜொலிச்சுது.

எங்க எதிர்வீட்டுல ஒரு தாத்தா. ராணுவத்துல டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவே அவரை மிலிட்டரி தாத்தான்னுதான் கூப்பிடும். பெருமையா கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மூக்குல ஏத்திக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ஏன்டா தம்பி, சண்டைக்குப் போற வண்டியா இது, கல்யாண மாப்பிள்ளை ஊர்வலமா? இப்படி வெளிச்சம் போட்டுகிட்டுப் போனா செத்தோம்டா."

அந்த ஒரு வரிதான் இந்த எபிசோட்.

வெளிச்சம் ஏன் ஆளைக் கொல்லும்? நகரத்துல வளர்ந்தவங்களுக்கு இது புரியிறது கஷ்டம். நமக்கு உண்மையான இருட்டே தெரியாது. எனக்குப் புரிஞ்சது 2011 டிசம்பர் 30-க்கு அப்புறம். தானே புயல் கடலூர்ல கரையேறின நாள். மின்கம்பம் எல்லாம் சாய்ஞ்சு, பல நாள் கரன்ட் இல்லை. ராத்திரி மொட்டை மாடியில நின்னா ஊரே கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி இருக்கும். அப்போ எங்கேயோ தூரத்துல ஒரே ஒரு பைக் வரும். அந்த ஒத்தை விளக்கு, பாலத்துல ஏறி, வளைஞ்சு, இறங்கி, எந்தத் தெருவுல நுழையுதுன்னு வரைக்கும் மாடியிலிருந்தே சொல்லிடலாம். வண்டி ஓட்டுறவருக்கு அந்த விளக்கு முன்னாடி இருக்கிற கொஞ்ச தூரத்தைத்தான் காட்டுது. ஆனா அவரை ஊருக்கே காட்டிக் கொடுக்குது. மாடியில நிக்கிறவன் கையில துப்பாக்கி இருந்தா?

இதை மெட்ராஸ் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டது. 1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி வாக்குல, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் மெட்ராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்னது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லர். முதல் உலகப் போர் தொடங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை. அது ஐரோப்பாவுல நடக்குற சண்டைன்னு நினைச்சு மெட்ராஸ் சாவகாசமா இருந்தது. அந்தக் காலத்துல கலங்கரை விளக்கம் ஹைகோர்ட் கோபுரத்து மேல இருந்தது. அது அன்னிக்கும் வழக்கம்போல எரிஞ்சுக்கிட்டு இருந்தது. எதிரிக்கு வழி காட்ட இதுக்கு மேல என்ன வேணும்? எம்டன் தன்னோட சர்ச்லைட்டைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகளை நிதானமா அடையாளம் பார்த்து, நூத்துக்கும் மேல குண்டு போட்டுது. தொட்டிகள் தீப்பிடிச்சுது. துறைமுகத்துல நின்ன வணிகக் கப்பல்ல இருந்தவங்க உட்பட சிலர் செத்தாங்க. கரையிலிருந்து திருப்பிச் சுட்டாங்க, ஆனா கப்பல் மேல படலை; விளக்கை அணைச்சிட்டு இருட்டுல கரைஞ்சு போச்சு. அப்புறம் தெற்கே, இலங்கைப் பக்கம்.

கவனிங்க. அன்னிக்கு ராத்திரி ஜெயிச்சவன், எப்போ விளக்கு போடணும், எப்போ அணைக்கணும்னு தெரிஞ்சவன். தோத்தவன், எப்பவும் விளக்கு போட்டே வச்சிருந்தவன்.

அடுத்த சில நாள்ல மெட்ராஸை விட்டு ஜனங்க கூட்டம் கூட்டமா கிளம்பினாங்க. எம்டன் அதே வருஷம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவு பக்கம் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிகிட்ட மாட்டி அழிஞ்சுது. ஆனா நம்ம பேச்சுல இன்னும் அழியலை. "அவன் சரியான எம்டன்"னு சொல்றோம் இல்லையா? அது இந்தக் கப்பல்தான். ஹைகோர்ட் மதில்ல அந்த ராத்திரிக்கு ஒரு நினைவுக் கல்வெட்டும் இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா பாருங்க.

இருபத்தெட்டு வருஷம் கழிச்சு, ரெண்டாவது போர்ல, மெட்ராஸ் அதே தப்பைப் பண்ணலை. 1942 பிப்ரவரியில சிங்கப்பூர் ஜப்பான்கிட்ட விழுந்தது. ஏப்ரல் 5-ல கொழும்பு, 6-ல விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9-ல திருகோணமலைன்னு குண்டு விழுந்துச்சு. மெட்ராஸ்ல பாதி ஊர் காலி. அரசு அலுவலகங்களை உள்ளூர்களுக்கு மாத்தினாங்க. குண்டு விழுந்து கூண்டு உடைஞ்சா ஆபத்துன்னு மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம், புலியையெல்லாம் சுட்டே கொன்னுட்டாங்க. தெருவிளக்குக்கு மூடி, ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், வண்டி ஹெட்லைட்டுக்கு முகமூடி. இதுக்குப் பேருதான் இருட்டடிப்பு. இன்னிக்கு நாம "செய்தியை இருட்டடிப்பு செஞ்சுட்டாங்க"ன்னு சொல்றோம். அன்னிக்கு அது உயிர் பிழைக்கிற வழி. அந்தப் போர்ல மெட்ராஸ் மேல குண்டு விழுந்தது 1943 அக்டோபர்ல, ஒரே ஒரு ஜப்பான் விமானத்திலிருந்து.

அதே 1942-ல அமெரிக்காவுக்கும் இதே பாடம். கடற்கரை நகரங்கள் விளக்கை அணைக்கத் தயங்கினாங்க. ஜெர்மானிய நீர்மூழ்கிகளுக்கு வசதியாப் போச்சு. நகர வெளிச்சத்துக்கு முன்னாடி போற சரக்குக் கப்பல் ஒவ்வொண்ணும் வெள்ளைத் திரையில நிழல் மாதிரி தெரிஞ்சுது. வரிசையா மூழ்கடிச்சாங்க.

ஆனா இருட்டும் சும்மா கிடைக்கலை. பிரிட்டன்ல கார் ஹெட்லைட்டுக்கு மூடி போட்டு, சின்னக் கீறல் வழியா மட்டும் வெளிச்சம் விடச் சொன்னாங்க. விளைவு? மனுஷங்க எதிரி குண்டுல மட்டுமில்லாம சொந்த ஊர் கார்ல அடிபட்டும் செத்தாங்க. 1941-ல மட்டும் சாலை விபத்துல 9,000 பேருக்கு மேல. வெளிச்சம் போட்டாலும் சாவு, அணைச்சாலும் சாவு. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு நூலிழை அளவு வெளிச்சத்தைக் கண்டுபிடிக்கிறதுதான் ராணுவ வண்டி ஹெட்லைட்டோட மொத்த வரலாறும்.

அதுல என்னென்ன மூளை வேலை செஞ்சிருக்கு பாருங்க. ஜெர்மானிய வண்டிகள்ல நோடெக்னு ஒரு விளக்கு. ஹெல்மெட் கவுத்து வச்ச மாதிரி இருக்கும். வெளிச்சம் கீழே ரோட்டுல மட்டும் விழும், மேலே இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியாது. வண்டிக்குப் பின்னாடி இன்னொரு சின்னப் பெட்டி. அதுல நாலு வெளிச்சப் புள்ளி. பின்னாடி வர்ற டிரைவருக்கு நாலும் தனித்தனியா தெரிஞ்சா, ரொம்ப நெருங்கிட்டான்னு அர்த்தம். ரெண்டு ரெண்டா சேர்ந்து ரெண்டு புள்ளியா தெரிஞ்சா சரியான தூரம். ஒரே புள்ளியா தெரிஞ்சா பின்தங்கிட்டான். மீட்டரும் இல்லை, ரேடியோவும் இல்லை, கண்ணு ஒண்ணே போதும்.

அமெரிக்க ஜீப்ல முன்னாடி பூனைக் கண்ணு மாதிரி ரெண்டு குட்டி விளக்கு. டாஷ்போர்டுல சுவிட்சை இழுத்தா முதல்ல அதுதான் எரியும். முழு ஹெட்லைட் வேணும்னா தனியா ஒரு பூட்டுப் பட்டனை அழுத்தினாத்தான் சுவிட்ச் மேல நகரும். இருட்டுல கை தவறி முழு வெளிச்சம் எரிஞ்சுட்டா வரிசையில வர்ற எல்லாருக்கும் ஆபத்தாச்சே. இன்னொரு விஷயம்: ஜீப் ஹெட்லைட்டைக் கீல்ல திருப்பி இன்ஜின் பக்கம் காட்டலாம். ராத்திரி ரிப்பேருக்கு டார்ச் தேவையில்லை.

பிரிட்டிஷ் லாரிக்காரங்க இன்னும் எளிமை. பின்னச்சு நடுவுல உருண்டையா டிஃபரன்ஷியல் இருக்கும் இல்லையா, அதுக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சாங்க. லாரிக்கு அடியில ஒரு குட்டி பல்பு அந்த வெள்ளையை மட்டும் காட்டும். பின்னாடி வர்றவன் அதைப் பார்த்தே ஓட்டுவான்.

நம்ம ஊர்ல டிராஃபிக் போலீஸ் ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, அதுவும் இதுவும் வேற. அது எதிர்ல வர்றவர் கண்ணு கூசாம இருக்க. இது எதிரி கண்ணுலயே படாம இருக்க.

சரி, மறுபடி என் மேஜைக்கு வருவோம். இதெல்லாம் படிச்ச பிறகு கவரிங் கல்லைப் பிடுங்கிப் போட்டேன். கல்லுல பட்டை வெட்டு இருக்கும், அதனாலதான் நகை மாதிரி மின்னுது. நிஜ ஹெட்லைட் கண்ணாடியில இருக்கிறது மெல்லிய செங்குத்துக் கோடு. அதனால புதுசா செஞ்சேன். கிண்ணத்துக்கு அலுமினியத் தாளை பிரஷ் காம்போட உருண்டை முனையால அழுத்தி உட்கார வச்சேன். கண்ணாடிக்கு மாத்திரை அட்டை. மாத்திரை இருக்கிற குமிழ் ஏற்கெனவே லேசா வளைஞ்சு தெளிவா இருக்கும். அதை வட்டமா வெட்டி, உள்பக்கம் ஊசியால கோடு இழுத்தேன். ஒட்டுறதுக்கு சூப்பர் குளூ கூடவே கூடாது. அதோட ஆவி படிஞ்சு கண்ணாடி வெள்ளையா பூத்துடும். எங்க கடற்கரைக் காத்து ஈரத்துக்குக் கேக்கவே வேணாம். ஸ்கூல்ல வாங்குற வெள்ளைப் பசைதான் சரி, காய்ஞ்சா தெளிவாயிடும்.

ரெண்டு நாள் வேலை. அருமையா வந்துது. அப்புறம் அந்தக் கண்ணாடி மேலயே, நானே, மங்கின பச்சை பெயின்ட் அடிச்சேன். நடுவுல ஒரு கீறல் மட்டும் விட்டேன். மேலே கொஞ்சம் புழுதி. மனசு கேட்கலைதான். கஷ்டப்பட்டு செஞ்சதை யாருக்கும் தெரியாம மூடுறோமேன்னு. ஆனா அந்தக் கீறல் வழியா ஒரு கோணத்துல பார்த்தா உள்ளே லேசா பளிச்சுங்குது பாருங்க, அப்போதான் முதல் தடவையா அது பொம்மையாத் தெரியலை. பயந்து ஒளிஞ்சு போற ஒரு வண்டியாத் தெரிஞ்சுது.

தாத்தாகிட்ட மறுபடி கொண்டுபோனேன். இந்தத் தடவை முன்பக்கத்தை அவர் சரியாப் பார்க்கவே இல்லை. கையில வாங்கினதும் வண்டியைத் திருப்பி, கவுத்து, அடியில பார்த்தார்.

"வெள்ளை எங்கடா?"

எனக்குப் புரியலை.

"பின்னாடி அச்சுல வெள்ளை அடிக்கணும்டா. முன்னாடி விளக்கு யாருக்கு வேணும்? நான் விடிய விடிய ஓட்டினதெல்லாம் முன்னாடி போறவனோட அந்த வெள்ளையைப் பார்த்துத்தான். அது கண்ணை விட்டு மறைஞ்சா வயித்தைக் கலக்கும். நம்ம வண்டியிலயும் அது இருந்தாத்தானே பின்னாடி வர்றவன் வீடு போய்ச் சேருவான்?"

அமெரிக்க ஜீப்ல அந்த வெள்ளை இருந்திருக்காது தாத்தா, அது பிரிட்டிஷ் பழக்கம்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லலை. வீட்டுக்கு வந்து, பூஜ்ஜியம் நம்பர் பிரஷ்ஷை எடுத்து, ஜீப்புக்கு அடியில, யாருமே பார்க்காத இடத்துல, ஒரு வெள்ளைப் புள்ளி வச்சேன்.

ஆல்பத்துல அந்த ஜீப் படத்தைப் பார்த்துட்டு, விவரம் தெரிஞ்ச மாடல்காரர் யாராவது "அடியில அந்த வெள்ளை தப்பாச்சே"ன்னு கேட்டா, தப்புதான். மாத்தப் போறதில்லை.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். ராத்திரி பைக்ல போறவங்க டிம் பண்ணி ஓட்டுங்க. எதிர்ல வர்றவரும் வீடு போய்ச் சேரணும்.