வடமும் இரும்புத் தண்டும்

ஊர் கூடித் தேர் இழுக்கிறது. வடத்தில் கை வைத்த எல்லாருமே முழு மூச்சாக இழுக்கிறார்களா? 1880களில் இதைக் கயிற்றில் அளந்து பார்த்தவர் பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மான். 1913இல் அவர் வெளியிட்ட கணக்கின்படி, எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் நான்கு பேரின் பலம்கூட முழுதாகத் தேறவில்லை.

எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததே இதற்குப் பெரிய காரணம் என்று அவர் நினைத்தார். 1974இல் ஆலன் இங்கம் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டிக் கயிற்றின் முன்னால் நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள். தாளம் தப்ப அங்கே வழியே இல்லை. இருந்தும், துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பிய மாத்திரத்தில் அவர் பிடி தளர்ந்தது. இதற்குத்தான் பிற்பாடு ‘சமூகச் சோம்பல்’ என்று பெயர் வந்தது.

இனி, பெர்லின். 1920களில் உளவியலாளர் ஓட்டோ கோலர் அங்குள்ள படகோட்டிகளிடம் 41 கிலோ எடையைக் கொடுத்து, கை ஓயும் வரை மடக்கித் தூக்கச் சொன்னார். பிறகு இருவரைச் சேர்த்து, 82 கிலோவை ஒரே தண்டில் தூக்கவைத்தார். ஒருவர் கை விட்டால் மற்றவரால் தாங்க முடியாது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. அந்த நிலையில் பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்கும் பலத்தில் ஓரளவு வித்தியாசம் இருந்தபோதே இது நன்றாகத் தெரிந்தது. இருவரும் சரிசமமாக இருந்தாலோ, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலோ அந்த வேகம் மங்கிவிட்டது.

மனிதர்கள் சோம்பேறிகளா, உழைப்பாளிகளா என்று இந்த இரண்டு சோதனைகளையும் மோதவிடுவது வீண். கயிற்றில் அவரவர் பங்கு கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. தண்டிலோ நலிந்தவரின் கைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. என் உழைப்பால் ஏதாவது மாறுமா என்று மனம் போடும் கணக்கிலிருந்தே ஊக்கம் பிறக்கிறது. 1993இல் உளவியலாளர்கள் காராவும் வில்லியம்ஸும் முன்வைத்த கோட்பாட்டின் சாரமும் ஏறக்குறைய இதுதான்.

வருத்தம் என்னவென்றால், நிர்வாகிகள் கயிற்றுப் பாடத்தை மட்டும் படித்துவிட்டு, ‘ஆளுக்கு ஆள் கண்காணி’ என்று கிளம்பிவிடுகிறார்கள். கண்காணிப்பு பலிக்காமல் இல்லை. கூட்டமாகக் கத்தும்போதும் ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படும் என்று சொன்னதும் சோம்பல் மறைந்ததை 1981ஆம் ஆண்டுச் சோதனை ஒன்று காட்டியது. ஆனால் அது இழந்ததை மீட்டுத் தரும், அவ்வளவுதான். தனியாக இருந்ததற்கும் மேலே ஒருவரைக் கொண்டுபோனது கோலரின் தண்டு. என் கணிப்பில் அதுவே பெரிய கண்டுபிடிப்பு.

வகுப்பில் குழுவேலை கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆறு பேருக்கு ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். கடைசி பெஞ்சுப் பிள்ளை செய்யாவிட்டால் முடியவே முடியாத ஒரு பகுதியை அவன் கையில் கொடுங்கள்.